கதவு மாமா

என் அத்தையைக் கட்டிக்கொள்வதற்கு முன்பே மாமாவுக்கு ஊரில் இரண்டு பட்டப்பெயர்கள் இருந்தன. முதலாவது, சுவர். ரயில் பணிமனையின் கால்பந்து அணியில் அவர் பின்வரிசைக்காரர். வருகிற பந்தையெல்லாம் நெஞ்சிலும் தொடையிலும், வேறு வழியில்லாவிட்டால் மூக்கிலும் வாங்கித் திருப்பி அனுப்புவார். சம்பளத்துக்கு ஆடுகிறவர்களில் அவரைப்போல ஒரு வாயில்லாப்பூச்சியைப் பார்க்க முடியாது என்பார்கள். அவர் கோல் போட்டதே இல்லை. பிறத்தியாரைப் போட விட்டதும் அபூர்வம். பத்திரிகையில் அணியின் படம் வந்தால் அதில் அவருடைய முழங்கை மட்டும் தெரியும். அந்த முழங்கையை அவருடைய அம்மா கத்தரித்து எடுத்து வைத்துக்கொள்வார்.

இரண்டாவது பெயர் கோப்பைக்கான இறுதி ஆட்டத்தில் வந்தது.

எதிரணி துறைமுகம். காலையிலிருந்தே மழை. மைதானம் எருமை புரண்ட குட்டை மாதிரி கிடந்தது. ஆட்டம் முடியப் போகிற நேரம். இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. பந்து மாமாவிடம் வந்தது. கூப்பிடு தூரத்தில் எதிராளி யாரும் கிடையாது. ஒரு அவசரமும் இல்லை. மாமா திரும்பிப் பார்க்காமல், குதிகாலால் பந்தைத் தன் அணியின் கோல்கீப்பரிடம் தட்டிவிட்டார். வருடக்கணக்காக அப்படித்தான் தட்டிவிடுவார். கோல்கீப்பரும் வருடக்கணக்காக அங்கேதான் நிற்பார். அன்றைக்கு மட்டும் அவர், கையுறை வழுக்குகிறதென்று, வலைக்குப் பின்னால் தொங்கவிட்டிருந்த துண்டை எடுக்கப் போயிருந்தார்.

"எவ்வளவு மெதுவா உருண்டுச்சு தெரியுமா? நடுவுல ரெண்டு தடவ நின்னுடும்னு நெனச்சேன்" என்பார் மாமா.

நிற்கவில்லை. கோல்கீப்பர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, வலைக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் பந்துமாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேம் சைடு கோல். கோப்பை துறைமுகத்துக்குப் போயிற்று. அன்று சாயங்காலமே சுவர் என்ற பெயர் போய், கதவு என்ற பெயர் வந்துவிட்டது.

மறுநாள் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "உள்ள போங்க சார். பின்னாடி மட்டும் எதையும் தள்ளிடாதீங்க" என்றார். முடி திருத்துகிறவர் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாக யோசித்து, "முன்பக்கமா ஆரம்பிக்கட்டுமா, இல்ல உங்களுக்குப் பின்பக்கம்தான் பழக்கமா?" என்று கேட்டார். பணிமனைக்காரர்கள் கூடுகிற தேநீர்க் கடையில் யாரும் எதுவும் பேசவில்லை. மாமா உள்ளே நுழைந்து உட்கார்ந்ததும் ஒருவர் எழுந்து போய்க் கடைக் கதவைத் திறந்தார்; மூடினார்; மறுபடி திறந்தார். பிறகு தன் இடத்தில் வந்து உட்கார்ந்து தேநீரைக் குடித்தார். மாமா அந்தக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் அவருடைய அம்மாவுக்கு ஊர்க்காரர்கள் ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைகிறார்கள் என்றே புரியவில்லை.

"பந்து உள்ள போச்சுதானே?" என்று கேட்டார்.

"போச்சும்மா."

"நீதானே அடிச்ச?"

"நான்தாம்மா."

"அப்ப கோல்தானே? இத்தன வருஷமா ஆடி ஒண்ணே ஒண்ணு போட்ட. அதுக்கும் கரிச்சுக் கொட்டினா எப்படி?"

மாமா விளக்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார். அதற்குள் அம்மா அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய், பையன் கோல் போட்ட சேதியைச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் போர் வந்தது. எல்லாருக்கும் அது தலையில் விழுந்த இடி. மாமாவுக்குக் கொஞ்சம் நிம்மதி. தப்பாக நினைத்துக்கொள்ளக் கூடாது. அவர் யாரையும் சுட ஆசைப்பட்டவர் அல்ல. குண்டு விழுகிற இடத்தில் போய் நின்றுகொண்டால், பந்தைப் பற்றி எவனும் பேசமாட்டான் என்று ஒரு கணக்குப் போட்டார்.

ஆள் சேர்க்கிற இடம் ஒரு பள்ளிக்கூடம். சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார் அதிகாரி. மாமாவை ஏற இறங்கப் பார்த்தார். முத்திரைக் கட்டையை மையில் தொட்டார். குத்தாமல் நிறுத்தினார்.

"எந்தப் பக்கம் பாத்துச் சுடணும்னு தெரியும்ல?"

வரிசையில் நின்றவர்களின் சிரிப்பு தெருமுனை வரைக்கும் போயிற்று.

பயிற்சி முகாமிலும் அதே கதைதான். துப்பாக்கிப் பயிற்சியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கையெறி குண்டுப் பயிற்சியன்று மாமாவின் முறை வந்ததும், அவருடைய படைப்பிரிவு மொத்தமும் குப்புறப் படுத்துக்கொண்டது. தூரத்தில் சமையற்கூடத்தில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவர்கள்கூடப் பலகைக்கு அடியில் புகுந்துகொண்டார்கள். பக்கவாட்டிலிருந்து பந்து எறிந்து எறிந்து பழகிய கை. மாமா எறிந்த குண்டு மற்ற எல்லாருடையதையும் தாண்டிப் போய், சரியான திசையில் வெடித்தது. பயிற்சியாளர் எழுந்து சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டார்.

"நல்லாதான்யா எறியற. ஆனா உன் கையில இதப் பாத்தா எனக்கு வயித்தக் கலக்குது. நீ ஸ்ட்ரெச்சர் தூக்கப் போயிடு."

அடிபட்டவர்களைக் கட்டிலில் கிடத்தித் தூக்கி வருகிற வேலை அது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். மாமாவுக்குப் பின்னால் தூக்குவதற்கு ஒதுக்கப்பட்ட ஆள், என் அப்பா.

அப்பா துறைமுகத்துக்குப் பக்கத்தில் தாத்தா நடத்திய ரொட்டிக் கடையில் மாவு பிசைந்து வளர்ந்தவர். தூணைக் கட்டிப்பிடித்தால் தூண் கூச்சப்படும் என்கிற உடம்பு. மாமா கூடாரத்து வாசலில் தலையைத் தொங்கப் போட்டபடி, வரப்போகிற கிண்டலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். அப்பா மடித்துக்கொண்டிருந்த போர்வையைக் கீழே போட்டுவிட்டு வந்து, மாமாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அப்பாவின் கண் கலங்கியிருந்தது.

"நீங்களா? நீங்கதானா? எங்கப்பா உங்க போட்டோவ அடுப்புக்கு மேல வெச்சிருக்காருங்க."

"எரிக்கறதுக்கா?" என்று கேட்டார் மாமா.

"ஏங்க இப்படிக் கேக்கறீங்க? எங்க துறைமுகத்துக்குக் கோப்பையே உங்க காலாலதானே வந்துச்சு. அந்த வருஷம் எங்க ஆளுங்க ஒருத்தனும் ஒழுங்கா அடிக்கல. நீங்க ஒருத்தர்தான் உருப்படியா ஒரு கோல் போட்டீங்க."

அந்தக் கோலுக்காக முதன்முதலில் நன்றி சொன்ன ஆள் அப்பாதான். இந்த ஆளைக் கட்டிப்பிடிப்பதா, கழுத்தைப் பிடிப்பதா என்று மாமாவுக்குத் தெரியவில்லை. கடைசியில் போர்வையின் மறுமுனையைப் பிடித்து மடிக்க உதவினார்.

இருவரும் மாதக்கணக்கில் ஆட்களைத் தூக்கினார்கள். சேற்றில், சரிவில், இடிந்த வீடுகளுக்கு ஊடே. சிலர் வழி நெடுக வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே வருவார்கள். சிலர் பேசிக்கொண்டே வந்து, வழியில் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அப்போதும் இருவரும் நடையை நிறுத்தாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அந்த நாட்களைப் பற்றி இதற்குமேல் அப்பாவும் சொன்னதில்லை, மாமாவும் சொன்னதில்லை.

சொன்னது ஒன்றே ஒன்று. மாமாவுக்கு அங்கே புதிதாக ஒரு வியாதி வந்தது. எங்கே போனாலும் முதலில், "நம்ம பக்கம் எது?" என்று கேட்பார். காவலுக்கு நிற்கிறவனிடம் கேட்பார். அவன் சொன்னது சரிதானா என்று சமையற்காரரிடம் கேட்பார். கழிப்பறைக்குப் போவதென்றாலும் திசை விசாரித்துவிட்டுத்தான் போவார். ஆட்கள் வேண்டுமென்றே ஆளுக்கொரு திசையாகக் கைகாட்டிவிட்டுச் சிரிப்பார்கள். மாமா எல்லாரிடமும் கேட்டுவிட்டு, பிறகு சூரியனையும் பார்த்து முடிவு செய்வார். ஒரு தடவை ஏமாந்தவர் இல்லையா.

ஒருநாள் விடியற்காலை, அவர்களுடைய பிரிவு பாதி இடிந்த ஒரு மாவு மில்லில் தங்கியிருந்தது. எதிரில் நிற்கிறவன் மூக்கு தெரியாத பனிமூட்டம். குண்டு விழ ஆரம்பித்தது. மில்லின் ஒரு பக்கச் சுவர் சரிந்து, பனியோடு மாவும் புழுதியும் புகையும் கலந்து, எல்லாரும் வெள்ளையடித்த பொம்மைகள் மாதிரி இருமிக்கொண்டு நின்றார்கள். பின்வாங்கச் சொல்லி உத்தரவு. எந்தப் பக்கம் பின் என்பதுதான் தெரியவில்லை.

கேப்டன் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். "இந்தப் பக்கம்."

"இல்ல சார், அந்தப் பக்கம்" என்றார் மாமா. "மூட்டை இறக்குற சறுக்குப் பலகை நம்ம பக்கம் பாத்துதான் இருக்கு. நேத்தே கேட்டு வெச்சுக்கிட்டேன். ராத்திரி சாப்பாடு கொண்டுவந்த சமையற்காரர்கிட்டயும் கேட்டேன்."

கேப்டன் பணிமனை அணியின் ரசிகர். அந்த இறுதி ஆட்டத்தில் கத்தியதில் போன தொண்டை, அவருக்கு அதன்பிறகு சரியாகவே இல்லை.

"யாரு வழி சொல்றது பாருங்கய்யா" என்றார் அந்தக் கட்டைத் தொண்டையில். குண்டு விழுகிற அந்த நேரத்திலும் ஆட்கள் சிரித்தார்கள். "கதவு அந்தப் பக்கம்னு சொன்னா, கண்ண மூடிக்கிட்டு இந்தப் பக்கம் போகலாம். வாங்க."

எல்லாரும் அவர் பின்னால் போனார்கள். மிஞ்சியது மாமா, அப்பா, ஸ்ட்ரெச்சரில் இடுப்பில் அடிபட்டுக் கிடந்த வயர்லெஸ்காரர்.

"என்னை அவங்ககூட அனுப்புங்க" என்றார் வயர்லெஸ்காரர். "இந்த ஆளோட நான் வரமாட்டேன்."

"நீங்க நடக்க முடியாதுங்க" என்றார் அப்பா.

"உருண்டு போறேன்."

மாமா திரும்பி அப்பாவைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். அவர் யோசித்தது சரியா தப்பா என்று எங்கள் வீட்டில் இன்றுவரை சர்ச்சை உண்டு. "அன்னைக்கு நீங்க தப்பாத் தட்டினீங்க. அதுல எங்களுக்குக் கோப்ப கெடச்சுது. இன்னைக்கும் நீங்க தப்பாப் போனாலும் யாருக்காவது நல்லதுதான் நடக்கும். நடங்க" என்றார்.

தூக்கிக்கொண்டு நடந்தார்கள். வயர்லெஸ்காரர் முதலில் கத்தினார். பிறகு கெஞ்சினார். பிறகு தன் கைக்கடிகாரத்தைத் தருவதாகச் சொன்னார். எதுவும் எடுபடாமல் போகவே, வேறு வழியில்லை என்று தேற்றிக்கொண்டு உருப்படியான ஒரு காரியத்தில் இறங்கினார். எதிரிகளின் பேச்சை ஒட்டுக்கேட்பது அவருடைய வேலையாதலால் அவருக்கு அவர்கள் பாஷை தெரியும். "சுடாதீங்க, சரணடையறோம்" என்பதை அந்தப் பாஷையில் மற்ற இருவருக்கும் சொல்லிக்கொடுத்தார். மாமா முதல் பாதியைப் பிடித்துக்கொண்டார், அப்பா இரண்டாம் பாதியை. இருவரும் சேர்ந்து சொன்னால் பிசகில்லாமல் வந்தது. என் அம்மா அப்பாவைத் திட்டும்போது அவர் இன்னமும் அந்தப் பாதியைச் சொல்லித்தான் கையைத் தூக்குவார்.

பனிக்குள் ஓர் உருவம் தெரிந்தது. கையில் நீளமாக என்னவோ வைத்திருந்தது. வயர்லெஸ்காரர் படுத்த வாக்கிலேயே இரண்டு கைகளையும் உயர்த்தி, தெளிவான உச்சரிப்பில் சரணடைந்தார்.

"என்னய்யா உளர்ற?" என்றது உருவம். அது, பின்னால் பத்திரமான இடத்தில் அடுப்பு போட்டிருந்த அவர்களுடைய பிரிவின் சமையற்காரர். கையிலிருந்தது கரண்டி. "காலையில எதுவும் சாப்பிடலியா?"

வயர்லெஸ்காரர் அந்தக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அழுதார். விடச்சொல்லி அதைப் பிடுங்குவதற்குள் சமையற்காரருக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

மாமா ஸ்ட்ரெச்சரை இறக்கி வைத்ததும் திரும்பி ஓடினார். "அவங்களையும் யாராவது கூப்பிடணும்ல" என்றுதான் அப்பாவிடம் சொன்னாராம். ஆனால் கேப்டனும் முன்னால் போனவர்களும் அதற்குள் நேராக எதிரியின் பதுங்குகுழிக்குள்ளேயே இறங்கிவிட்டிருந்தார்கள். "நம்ம ஆளுங்கதானேப்பா?" என்று அந்தக் கட்டைத் தொண்டை கேட்டது மாமாவின் காதில் விழுந்தது. அவருக்குக் கிடைத்த பதில் அந்தப் பாஷையில் இருந்தது.

பின்தங்கிய நாலைந்து பேர் மட்டும் பனியில் வழி தடுமாறி நின்றார்கள். மாமா அவர்களிடம் சொல்லிப் பார்த்தார். ஒருவரும் நம்பவில்லை. "நீ சும்மா இருய்யா, ஏற்கனவே பட்டது போதும்" என்றார்கள். பேசிப் பயனில்லை என்று தெரிந்ததும், ஒருவர் தோளில் தொங்கிய பிஸ்கட் பையை மாமா வெடுக்கென்று பறித்துக்கொண்டு ஓட்டம் பிடித்தார். பந்து பறிப்பதே தொழிலாக இருந்தவருக்குப் பை எம்மாத்திரம். அந்தப் பிரிவுக்கு மிச்சமிருந்த பிஸ்கட் அவ்வளவுதான். நாலைந்து பேரும் அவருடைய பரம்பரையையே சந்திக்கு இழுத்துத் திட்டிக்கொண்டு துரத்தினார்கள். நடுவே ஒரு குண்டு விழுந்தது. எழுந்து மறுபடி துரத்தினார்கள். மூச்சிரைக்க வந்து மாமாவைப் பிடித்து, கீழே தள்ளி, பையைப் பிடுங்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால், சமையற்காரர் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"உன் பூட்ஸுல என்னய்யா ரத்தம்?" என்று அவர் கேட்ட பிறகுதான் மாமா குனிந்து பார்த்தார்.

இடது காலில் ஓரத்து விரல்கள் இரண்டு போய்விட்டன. கூடார ஆசுபத்திரியில் டாக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்துக்கொண்டே பெயர் கேட்டார், ஊர் கேட்டார், வேலை கேட்டார். பிறகு நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். அவரும் பணிமனை ரசிகர் என்பது மாமாவுக்கு அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிட்டது.

"அன்னைக்குத் தட்டினது இந்தக் காலா?"

"இல்ல டாக்டர். வலது."

டாக்டர் போர்வையை விலக்கி வலது காலை வெகுநேரம் பார்த்தார். அதில் ஒரு சிராய்ப்புகூட இல்லை.

"எங்க நியாயம் இருக்கு சொல்லு" என்று சொல்லிவிட்டு, இடது காலுக்கு நல்லபடியாகத் தையல் போட்டார்.

மாமாவுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். மேடையில் பெரிய அதிகாரி அதை அவர் சட்டையில் குத்தும்போது, யாருக்கும் கேட்காமல் காதருகே வந்து, "ஒரு தடவ திரும்பிப் பாத்திருக்கலாமேப்பா" என்றார்.

"பாத்திருக்கலாம் சார்" என்றார் மாமா. வாத்தியம் முழங்கியது. இருவரும் சல்யூட் அடித்துக்கொண்டார்கள்.

கால் ஆறுகிற வரைக்கும் விடுப்பு. அப்பாவுக்கும் அந்தச் சமயத்தில் விடுப்பு கிடைக்கவே, மாமாவைப் பிடிவாதமாகத் தன் வீட்டுக்கு அழைத்து வந்தார். கடை முன்பக்கம், வீடு பின்பக்கம், நடுவில் அடுப்பு. அடுப்புக்கு மேலே, புகையில் பழுப்பேறிய சட்டத்துக்குள், வலைக்குள் கிடக்கிற பந்தும் தலையில் கைவைத்து நிற்கிற மாமாவும். அதுதான் பத்திரிகையில் அவர் முழுதாக வந்த ஒரே படம். தாத்தா முக்காலியில் ஏறி நின்று படத்தைத் துடைத்தார். படத்தையும் ஆளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அப்புறம் தெருவுக்கு ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் துறைமுகத்தில் பாதிப் பேர் கடைக்குள் இருந்தார்கள். பாரம் தூக்குகிறவர்கள், படகோட்டிகள், வலை பின்னுகிறவர்கள். "நம்ம டீமுக்குக் கோல் போட்டவரு" என்று தாத்தா ஒவ்வொருவருக்கும் அறிமுகம் செய்தார். வலது காலைக் கொஞ்சம் காட்டச் சொன்னார்கள். ஒருவர் அதைத் தொட்டு, அந்தக் கையால் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். மாமா ஊன்றுகோலோடு மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்து, தப்பி ஓட வழி பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் காலை மடக்குங்க. தட்டு சூடு."

முழங்கை வரை மாவோடு, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு ரொட்டித் தட்டோடு வந்து நின்றாள் அத்தை. மாமா காலை மடக்கினார்.

"யாரு நீங்க? ஏன் எல்லாரும் உங்க காலைப் பாக்கறாங்க?"

மாமாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டில் உள்ளவர்கள் எல்லாரும் நடந்தால் பந்து, உட்கார்ந்தால் பந்து என்று இருந்ததில், அத்தை சின்ன வயதிலேயே அந்தப் பேச்சு வந்தால் காதை மூடிக்கொள்ளப் பழகியிருந்தாள். அடுப்புக்கு மேலே தொங்கும் படத்தை, அகாலத்தில் செத்துப்போன யாரோ சித்தப்பா என்று அவள் நினைத்திருந்தாள்.

"பந்து விளையாடுறவன்" என்றார் மாமா.

"அதுக்குச் சம்பளம் தருவாங்களா?"

"தருவாங்க."

"ஜெயிச்சாலா, தோத்தாலா?"

"ரெண்டுக்கும்தான்."

"பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டு அத்தை அடுத்த தட்டை எடுக்கப் போனாள்.

அன்று மாலை, கூட்டம் கலைந்தபிறகு, அத்தை மறுநாளுக்கான மாவைப் பிசைய உட்கார்ந்தாள். மாமா நொண்டிக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே அந்தக் கதையை ஆரம்பித்தார். முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. கோல்கீப்பர் என்றால் யார், அவர் மட்டும் ஏன் கையால் தொடலாம், எந்த வலை யாருடையது, எல்லாம். ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த கதையைத் தெரியாத ஒருவருக்குச் சொல்வது அவருக்கு வேடிக்கையாக இருந்தது. சொல்லச்சொல்ல அது அவ்வளவு பெரிய கதையாகவும் இல்லை. அத்தை பிசைவதை நிறுத்தாமல் கேட்டாள். எல்லாம் முடிந்தபிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"துண்டெடுக்கப் போறவரு, சொல்லிட்டுல்ல போகணும்?"

மாமா அவளையே பார்த்தார். கண்டக்டரும், கேப்டனும், டாக்டரும், பதக்கம் குத்திய பெரிய அதிகாரியும் கேட்காத கேள்வி. அவருக்கே தோன்றாத கேள்வி.  அவர் மாவை எடுத்து உருட்ட ஆரம்பித்தார். "கை கழுவினீங்களா?" என்றாள் அத்தை. கழுவிவிட்டு வந்து, "நான் உங்க அண்ணன்கிட்டப் பேசட்டுமா?" என்று கேட்டார்.

"எதுக்கு அண்ணன்கிட்ட? நான் இங்கதானே உக்காந்திருக்கேன்" என்றாள் அத்தை.

தாத்தாவிடம் சம்மதம் கேட்கப் போனபோது, அவர் கேள்வி முடிவதற்குள்ளேயே சரி என்று சொல்லிவிட்டு, என்ன கேள்வி என்று பிறகு விசாரித்தார். கல்யாணத்தன்று மாமாவின் அம்மாவும் தாத்தாவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

"கோல்னா கோல்தானேங்க" என்றார் அம்மா.

"அதத்தாங்க நான் ஊர் பூரா சொல்லிட்டிருக்கேன்" என்றார் தாத்தா.

மகனின் பெருமையைப் புரிந்துகொண்ட ஒரு மனிதரை ஒருவழியாகப் பார்த்துவிட்ட திருப்தியில் அம்மா நன்றாகச் சாப்பிட்டார்.

போர் முடிந்தது. சிறைமுகாமிலிருந்து கேப்டனும் மற்றவர்களும் பத்திரமாகத் திரும்பினார்கள். கேப்டன் கொஞ்சம் சதை போட்டிருந்தார். அங்கே சூப் நன்றாக இருந்ததாம். ஒருநாள், கல்யாணத்துக்குப் பிறகு மாமா உதவிக்கு நின்ற ரொட்டிக் கடைக்கு வந்து ரொட்டி வாங்கினார். வழி விஷயமாக மாமாவிடம் அவர் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. "அன்னைக்கு நான் கைகாட்டினது சரிதான். பனிமூட்டம் திரும்பிடுச்சு" என்றார். மாமாவும் ஆமாம் என்று சொல்லிவிட்டு ஒரு ரொட்டி கூடுதலாக வைத்துக் கொடுத்தார்.

பணிமனை அணியில் பழைய ஆட்கள் பாதிப் பேர்கூடத் திரும்பி வரவில்லை. அதனால் மாமாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். இரண்டு விரல் இல்லாத இடத்தில் பூட்ஸுக்குள் துணியைத் திணித்துக்கொண்டு ஓடிப் பழகினார். முதல் ஆட்டமே துறைமுகத்தோடு என்று அமைந்தது.

குடும்பமே போனது. மாமா மைதானத்தில் இறங்கியதும் இரண்டு பக்கத்து ஜனமும் "கதவு, கதவு" என்று கத்தியது. ஒரு பக்கம் கொஞ்சலாக, மறுபக்கம் கடுப்பாக. அந்த இரைச்சலை நினைத்துத் தூங்காமல் கிடந்த நாட்கள் மாமாவுக்கு உண்டு. ஆனால் அன்று புல்லில் நின்று கேட்டபோது, இதைவிடப் பெரிய சத்தங்களைக் கேட்டாயிற்று என்று தோன்றியதாம். மேலே ஏதாவது விழுகிறதா என்று ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். வானம் வெறுமனே இருந்தது. சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஆடினார்.

சங்கடம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. துறைமுகத்துக் கூட்டத்தின் முன்வரிசையில் பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டு, தாத்தா கையை வாயில் குவித்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"மாப்ள, நம்ம வீட்டுக்கு இன்னொண்ணு போடுங்க மாப்ள."

சுற்றியிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆயிரம் பேர் மாப்பிள்ளை என்று கூப்பிட்டால் ஒரு மனிதர் எப்படிப் பந்தைப் பார்ப்பார்? மாமா பொறுத்துப் பார்த்தார். கடைசியில் ஆட்டத்தின் நடுவே கோட்டைத் தாண்டிப் போய், மாமனாரிடம் பணிவாக, "பெரியவங்க நீங்க. கொஞ்சம் உக்காருங்களேன்" என்றார். அவர் உட்கார்ந்துவிட்டார். அனுமதியில்லாமல் மைதானத்தைவிட்டு வெளியேறியதற்காக நடுவர் மாமாவை எச்சரித்தார். என்ன காரணம் என்று கேட்டபோது, "வீட்டுப் பெரியவங்க சார்" என்றார் மாமா. நடுவரும் கல்யாணமானவர், அதோடு விட்டுவிட்டார்.

ஆட்டத்தில் பணிமனை தோற்றது. அந்தக் கோலில் மாமாவுக்குச் சம்பந்தமே இல்லை. துறைமுகத்து ஆள் ஒருவர் தூரத்திலிருந்து அழகாக அடித்த கோல். வெளியே வரும்போது பணிமனைக்காரர்கள் நடுவரைத் திட்டினார்கள், முன்வரிசைக்காரரைத் திட்டினார்கள், நிர்வாகத்தைத் திட்டினார்கள். மாமாவைத் திட்ட யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அவர் கூட்டத்தின் ஓரமாகக் கொஞ்சநேரம் நின்று, மற்றவர்களோடு சேர்ந்து தானும் நடுவரை இரண்டு வார்த்தை திட்டினார். ரொம்ப நாள் கழித்து ஊரோடு சேர்ந்த மாதிரி இருந்ததாம்.

வீட்டுக்கு வந்தால் இடது பூட்ஸ் கழலவில்லை. கால் வீங்கிவிட்டது. அப்பா குதிகாலைப் பிடித்து இழுத்தார். தாத்தா அப்பாவின் இடுப்பைப் பிடித்து இழுத்தார். மாமா மாவு மூட்டையைக் கட்டிக்கொண்டார். பூட்ஸ் அசையவில்லை, மாமாவும் மூட்டையும் மட்டும் கடை வாசல் வரைக்கும் வந்துவிட்டார்கள். எண்ணெய் ஊற்றிப் பார்த்தார்கள். நிர்வாகம் கொடுத்த பூட்ஸ், கிழிந்தால் கேட்பார்கள் என்றார் மாமா. அடுத்த ஆட்டம் வரைக்கும் அப்படியே விட்டுவிடலாம் என்றார் தாத்தா.

ஆட்டத்தின் முற்பாதியிலேயே தூங்கிவிட்டு, கடை வேலை கிடக்கிறதென்று எல்லாருக்கும் முன்னால் வீடு திரும்பியிருந்த அத்தை, உள்ளேயிருந்து ரொட்டி அறுக்கிற கத்தியை எடுத்து வந்தாள். அப்பாவையும் தாத்தாவையும் தள்ளி நிற்கச் சொன்னாள். மாமாவின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, லேஸ் ஓட்டைகளுக்கு ஊடே கத்தியை நுழைத்தாள்.

"ஆடாம இருங்க" என்றாள்.

மாமா ஆடாமல் இருந்தார்.